கிணறு பார்க்க வந்தவள்

ஒரு கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். எஃகு நாடாவின் நுனியில் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்க வேண்டும். தண்ணீர் பட்ட இடம்வரை சுண்ணாம்பு நிறம் மாறியிருக்கும். அந்த அளவைக் குறித்துக்கொண்டு அடுத்த கிணற்றுக்குப் போய்விடலாம். இதைச் சென்னையில் கல்லூரிப் பெண்களுக்கு மூன்று வருடமாக நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வில்லியனூருக்கும் பாகூருக்கும் போய் வந்த பிறகு, அந்தப் பாடத்தை எடுத்தாலே எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். எனக்கு இருபத்தேழு வயது. நிலத்தடி நீரில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்ற ஆசை. எங்கள் துறையில் ஆராய்ச்சிக்கு வழிகாட்ட ஒரே ஒரு பேராசிரியர்தான் இருந்தார். அவர் அறை வாசலில் ஏற்கெனவே ஐந்து ஆண்கள் காத்திருந்தார்கள். ஆறாவதாக நான் போய் நின்றதும், "நீ எப்படிம்மா கிணத்துல இறங்குவே?" என்று கேட்டுவிட்டு நாளிதழைப் பிரித்துக்கொண்டார்.

வீம்புக்குப் பிரான்சில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டேன். பதில் வந்தது. உதவித்தொகையோடு ஓர் ஆராய்ச்சி இடம் இருக்கிறதாம். ஆனால் ஒரு நிபந்தனை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் புதுச்சேரிக் கிராமங்களில் இருபத்திரண்டு கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். அதே கிணறுகளை இப்போது நான் அளக்க வேண்டும். இறைக்காமல், நிரப்பாமல், தண்ணீர் தானாக நிற்கும் நேரத்தில் அளந்த அளவாக இருக்க வேண்டும். அங்கிருந்து வரும் பிரெஞ்சுப் பேராசிரியர் ஒரு வாரம் புதுச்சேரி நகரத்தில் தங்குவார். சனிக்கிழமை மாலை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினால் முடிவு சொல்வார்.

அம்மாவும் ஒரு முடிவு சொன்னாள். "இது நடக்கலைன்னா வைகாசியில நாங்க காட்டுத மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டணும்" என்றாள். சரி என்றேன். வேறு வழி? தனியாக அனுப்ப முடியாது என்று கோவில்பட்டியிலிருந்து தன் தம்பி சங்கரலிங்க மாமாவையும் கூட அனுப்பிவைத்தாள்.

மாமா ரயில்வேயில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். ஆனால் இரண்டு பழக்கம் உண்டு. நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். எதிரில் வருகிறவர் யாராக இருந்தாலும் அவருடைய நிலம் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, சம்பந்தம் எந்த ஊரில் என்று முழு வரலாற்றையும் வாங்காமல் விடமாட்டார். இந்த இரண்டு பழக்கமும் சேர்ந்து என்னை என்ன பாடு படுத்தப் போகின்றன என்று புறப்படும்போது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை புதுச்சேரிக்குப் பக்கத்தில் வில்லியனூரில் இறங்கினோம். கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடை மாடியில் இரண்டு அறை கிடைத்தது. கீழே மிளகாய் மூட்டை, மேலே நாங்கள். வாரம் முழுக்கத் தும்மிக்கொண்டே இருந்தோம். முதல் கிணற்றுக்குப் போக வேண்டிய பஸ் வாய்க்கால் பாலத்தருகே டயர் வெடித்து நின்றது. மாற்று டயர் இருந்தது, ஜாக்கி இல்லை. ஜாக்கி கொண்டுவரப் போன கண்டக்டர் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் மாமா பஸ்ஸில் இருந்த எல்லோரிடமும் பேசி முடித்திருந்தார்.

"தெக்கேருந்து இவ்ளோ தூரம் வந்துகீறீங்களே, இன்னா விசயமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"கெணறு பாக்க வந்தோம்" என்றார் மாமா. என்னைக் காட்டி, "இது எங்க அக்கா மக. காலேஜுல வாத்திச்சி. தானே பாத்தாத்தான் திருப்தின்னுட்டா" என்று சேர்த்துக்கொண்டார். அதோடு விடாமல், "உங்களுக்கு எத்தன பசங்க? நஞ்சை எவ்வளவு இருக்கும்?" என்று ஆரம்பித்தார்.

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார், அவர் உடனே இறங்கிக் குறுக்கு வழியில் நடையைக் கட்டினார். எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் கவனம் முழுக்க வராத ஜாக்கியின் மேல்.

அன்று இரண்டு கிணறுகள்தான் அளந்தேன். பதிவேட்டில் இருந்த குறிப்பைவிட இரண்டிலும் தண்ணீர் கொஞ்சம் மேலேயே நின்றது. என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் கோவில்பட்டிப் பக்கம் சித்திரை மாதத்தில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் பாறைதான் தெரியும். இங்கே கை நீட்டினால் தொடலாம் போலத் தளும்பிக்கொண்டிருந்தது. பம்ப்செட்டுகள் வந்து இத்தனை வருடம் ஆகியும் நீர்மட்டம் குறையவில்லை என்றால் அது பெரிய கண்டுபிடிப்பு. பரபரப்பில் நாடாவை இரண்டு தடவை தவறவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை எங்களுக்கு முன்னால் செய்தி போயிருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலி தயாராக இருந்தது. மோர், இளநீர், பலகாரம். மாதா கோயில் இருந்த ஓர் ஊரில் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று நண்டுக் குழம்போடு சாப்பாடு போட்டது. மாமா மூன்றாவது தடவை சோறு வாங்கிக்கொண்டு, அந்த வீட்டு மாடுகளின் எண்ணிக்கையை விசாரித்தார்.

"எங்க கிணறு இருக்கட்டும்மா. பக்கத்து வூட்டுக் கிணறயும் பாத்துட்டுப் போ. அது எங்க கிணத்தவிட மேல" என்றாள் அந்த வீட்டு அம்மாள்.

தன் வீட்டுக் கிணற்றைவிடப் பக்கத்து வீட்டுக் கிணற்றைப் புகழ்கிற ஜனங்களை நான் அதுவரை கண்டதில்லை. எங்கள் ஊரில் வரப்புத் தகராறில் வெட்டிக்கொள்வார்கள். இங்கே என்ன பெருந்தன்மை என்று நெகிழ்ந்துபோனேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறது.

புதன்கிழமை மதியத்துக்குள் பதினோரு கிணறுகள் முடிந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர் ஏழு எட்டு அடியில். அன்று மாலையே நகரத்துக்குப் போய்ப் பேராசிரியரைப் பார்த்துவிட்டேன். சனிக்கிழமைவரை எனக்குப் பொறுக்கவில்லை. அதுதான் நான் செய்த பெரிய பிழை.

பேராசிரியர் உயரமான, வெயிலில் சிவந்துபோன மனிதர். மசால் தோசையை முள்கரண்டியால் வெட்டிக்கொண்டிருந்தார். என் தாளைப் பார்த்ததும் தோசையைத் தள்ளி வைத்துவிட்டார். ஏரிகள்தான் இந்தப் பகுதியின் நிலத்தடி நீரைத் திரும்ப நிரப்புகின்றன என்பது அவருடைய கருத்து. பத்து வருடமாக அதைச் சொல்லி வருகிறாராம், யாரும் நம்பவில்லையாம். "இதுதான் எனக்கு வேண்டிய சாட்சி. மீதிக் கிணறுகளும் இப்படியே இருந்தால் அக்டோபரில் நீங்கள் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பீர்கள்" என்றார். மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்ன பேசினார் என்று புரியாவிட்டாலும் மாமா அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நான் மொழிபெயர்க்க மறுத்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் நான் மனதுக்குள் கம்பளிச் சட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

வியாழக்கிழமை, மீதிப் பதினோரு கிணறுகளுக்காகப் பாகூர்ப் பக்கம். வில்லியனூரிலிருந்து அங்கே போக நகரத்துக்குப் போய்ப் பஸ் மாறி, தவளக்குப்பத்தில் மறுபடி மாற வேண்டும். கூட்டத்தில் கிருமாம்பாக்கத்தில் இறங்க முடியாமல் எல்லைச் சோதனைச் சாவடிவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தமிழ்நாட்டில் மதுவிலக்கு, புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு கடை. அதனால் பையோடு வருகிற எல்லோரும் அந்தப் போலீஸ்காரருக்குக் கடத்தல்காரர்கள்தான். என் தோல்பையைத் திறந்து நாடாச் சுருளை எடுத்தார். வட்டமான உறையைக் குலுக்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். நூறடி நாடாவை முழுக்க ரோட்டில் இழுத்துவிட்ட பிறகுதான் சமாதானமானார். அதைச் சுற்றி எடுக்க எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. அவர் மாமாவிடம், "கிணறு பாக்கவா? எந்த ஊரு மாப்பிள்ளைக்கு?" என்று கேட்டார். மாமா அவசரமாக வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மாப்பிள்ளையா? ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன். வெயில் அப்படி.

கிருமாம்பாக்கத்தில் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தபோது சைக்கிளில் ஒருவர் வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டையெல்லாம் கிரீஸ். கேரியரில் எரிந்துபோன மோட்டார் ஒன்று கட்டியிருந்தது. பெயர் ஆரோக்கியராஜ் என்றும், வில்லியனூர், பாகூர் என்ற இரண்டு கொம்யூன் வட்டாரத்திலும் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது அவர் பெயர் சொல்லிக்கொள்ளும் மனநிலையில் இல்லை.

"நீதான் கிணறு பாக்க வந்த பொண்ணா?"

"ஆமாம்."

"இன்னும் எத்தினி நாளைக்குமா பாப்ப? புடிச்சிருந்தா புடிச்சிருக்குன்னு சொல்லு, இல்லன்னா ஊரப் பாத்து போ. உன்னால எனக்கு நாலு மோட்டார்ல காயில் எரிஞ்சி போச்சி. மூணு நாளா தூங்கல நானு."

என்னால் எப்படி எரியும் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"விடிய விடிய மோட்டார் போட்டா எரியாதா? ஆழ் போர் வச்சிருக்கறவன் வூட்டுலேருந்து வாய்க்கா வெட்டி, கிணத்துக் கிணத்துக்குத் தண்ணி வுட்டுகினு இருக்கானுங்க. நீ வர்றங்காட்டியும் ரொம்பி இருக்கணுமாம்."

"எதுக்கு?"

"எதுக்கா? பொண்ணு குடுக்கறவங்க இங்க வூட்டப் பாக்க மாட்டாங்கமா, கிணத்தத்தான் பாப்பாங்க. தண்ணி இல்லாத வூட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

எந்த மாப்பிள்ளைக்காக நான் வந்திருக்கிறேனாம் என்று கேட்டேன்.

"அதான் யாருக்கும் தெரியல. மேலத்தெருவுல கேட்டா கீழத்தெருப் பையனுக்குங்கறான். கீழத்தெருவுல கேட்டா அடுத்த ஊருப் பையனுக்குங்கறான். ஆனா அக்கம்பக்கத்துக் கிணறயும் பாப்பாங்க இல்ல? ஒருத்தன் கிணறு காஞ்சி கெடந்தா ஊருல ஒரு பையனுக்கும் பொண்ணு கெடைக்காது. அதனால ஆளுக்கு ஆளு ரொப்புறான். அவனவன் அடுத்தவனுக்கு உதவி பண்றானாம்!"

நோட்டைப் புரட்டினேன். நான்காவது கிணற்றுக்கு எதிரே நானே குறிப்பு எழுதியிருந்தேன்: நீரில் வைக்கோல் மிதக்கிறது. ஆறாவது கிணற்றுக்கு: அருகில் வாய்க்கால் ஈரமாக உள்ளது. எட்டாவது கிணற்றுக்கு: நீர் கலங்கல். எல்லாம் கண்ணில் பட்டிருக்கிறது, எழுதியும் வைத்திருக்கிறேன். வாத்திச்சியாம், ஆராய்ச்சியாம்! பதினோரு அளவும் பொய். அந்தப் பொய்யைக் கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் கொடுத்து, அவர் வாயால் அக்டோபர் என்று சொல்ல வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மாமாவைப் பார்த்தேன். அவர் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்களுக்குத் தெரியுமா?"

"செவ்வாக்கிழமையே ஒரு சந்தேகம் வந்திச்சு தாயி. ஆனா என்ன மரியாத, என்ன சாப்பாடு! வாயத் தொறந்து இல்லன்னு சொல்ல மனசு வரல. சொன்னா அவுக மொகம் வாடிப்போகும்லா?"

டீக்கடை என்றும் பார்க்காமல் கத்தினேன். அவர்கள் முகம் வாடக் கூடாது, என் வாழ்க்கை வாடலாமா என்று கேட்டேன். வடை தின்றுகொண்டிருந்த நான்கு பேர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள். ஆரோக்கியராஜ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

"நான் சரிபண்ணுதேன்" என்றார் மாமா. அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் அவரை அறையில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். கோபத்தில் அவரைப் போக விட்டுவிட்டேன். அவர் மத்தியானமே, மறுநாள் நாங்கள் அளக்க இருந்த சோரியாங்குப்பத்துக்குப் போய், கல்யாண விஷயமெல்லாம் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார். வெறுமனே சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று, கிணறு ஆழப்படுத்தக் கடன் கொடுப்பதற்காக அளக்கிறோம் என்று தானாக ஒரு காரணமும் சேர்த்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை சோரியாங்குப்பத்தில் நாங்கள் போய் நின்ற முதல் கிணற்றில் சேறுதான் இருந்தது. அடியில் நான்கைந்து கெண்டை மீன்கள் துடித்துக்கொண்டிருந்தன.

"பாரும்மா, சொட்டுத் தண்ணி இல்ல. நல்லா எழுதிக்கோ" என்றார் கிணற்றுக்காரர். வயல் முழுக்க முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இறைத்த சூடு மோட்டாரில் இன்னும் இருந்தது.

இரண்டாவது கிணறும் அப்படித்தான். மூன்றாவது கிணற்றில் மட்டும் நான்கடி தண்ணீர் இருந்தது. அந்த வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "நடுவுல கரண்ட் பூடுச்சிமா. இல்லன்னா இதயும் எறச்சிருப்பன். ஒரு மணி நேரம் குந்து, காலி பண்ணிடறன்" என்று மன்னிப்புக் கேட்டார்.

கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. அந்தப் பக்கம் நிரப்பிவிட்டார்கள், இந்தப் பக்கம் காலி செய்துவிட்டார்கள். உள்ளபடி ஒரு கிணறுகூட எனக்குக் கிடைக்கவில்லை. நாளை மாலை பேராசிரியர். அடுத்த மாதம் அம்மா காட்டுகிற மாப்பிள்ளை.

சேற்றில் ஓடிப் பழுதான மோட்டாரைப் பார்க்க ஆரோக்கியராஜ் வந்தார். நேற்றைவிடக் கோபமாகத்தான் வந்தார். நான் அழுவதைப் பார்த்ததும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு எதிரில் குந்திக்கொண்டார்.

"உனக்கு நெசமா இன்னாதான் வேணும்?"

சொன்னேன். முதல் தடவையாக ஒருவரிடம் முழுவதையும் சொன்னேன். பிரெஞ்சுக்காரர்களின் பதிவேடு, வரிசையில் நின்ற ஐந்து ஆண்கள், பேராசிரியர், அம்மா எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் இத்தனை வருடத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும் என்றேன்.

"அவ்ளோதானா? அதுக்கு நாடா எதுக்கு? கிணத்துல எறங்கிப் பாரு."

விஷயம் இதுதான். அந்த மோட்டார்கள் இருபதடிக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. தண்ணீர் கீழே போகப் போக மோட்டாரையும் கீழே இறக்கியாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் கிணற்றுச் சுவரைக் குடைந்து சிமெண்டில் ஒரு மேடை கட்டி, அதில் மோட்டாரை உட்கார வைப்பார்கள். இரண்டு கொம்யூனிலும் அந்த மேடைகளைப் பெரும்பாலும் கட்டியது ஆரோக்கியராஜும், அவருக்கு முன்னால் அவருடைய அண்ணனும்தான். மேடை இரண்டு வருடத்துக்குள் இடிந்தால் இலவசமாகக் கட்டித் தருவதாக ஒப்பந்தம். பின்னால் தகராறு வரக் கூடாது என்று ஈர சிமெண்டில் ஆணியால் மாதமும் வருடமும் கீறிவைப்பது அவர்கள் வழக்கம்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரும்புப் படியில் இறங்கினேன். பன்னிரண்டு அடியில் முதல் மேடை, பாசி பிடித்துக் கிடந்தது. விரலால் தேய்த்தால் மாதமும் வருடமும் தெரிந்தன. இன்னும் கீழே இரண்டாவது. அதற்கும் கீழே மூன்றாவது. நான்காவது போன வருடம் கட்டியது, அதில்தான் மோட்டார் இப்போது உட்கார்ந்திருந்தது. பதினைந்து வருட வரலாறு சுவரில் கிடக்கிறது. நான் மேலே நின்றுகொண்டு நாடாவை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேலே இருந்து யாரோ ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "அய்ய, எறங்கியிருக்கறது பொம்பளடி! வந்து பாரு!"

அன்று மாமாவைக் கிருமாம்பாக்கத்து டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, ஆரோக்கியராஜும் நானும் ஆளுக்கொரு சைக்கிளில் அலைந்தோம். எனக்கு வாடகை சைக்கிள், பிரேக் கிடையாது. மாலைக்குள் பதினாறு கிணறுகளில் இறங்கி ஏறினேன். நான் நிரம்பியது என்று எழுதிய வில்லியனூர்க் கிணறுகளிலும் இறங்கினேன். ஊற்றிய தண்ணீர் இரண்டே நாளில் மண்ணுக்குள் போய், அடி மேடைகள் வெளியே வந்திருந்தன. ஒரு கிணற்றுக்காரர், "திரும்ப எதுக்கும்மா வந்த? அதான் அன்னிக்கே பாத்துட்டியே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிரியும்போது ஆரோக்கியராஜ், "மீதி ஆறு கிணத்த நாளைக்கு வெள்ளன வந்து நாடா வுட்டே அளந்துக்கோ. இன்னிக்கு சாயங்காலத்துலேருந்து பாகூர் பக்கம் கரண்ட் இருக்காது. எவனும் எறைக்க முடியாது" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும், வுடு" என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. மின்சாரம் போனால் ஏன் என்று அந்த ஊர்களில் யாரும் கேட்பதில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் ஆறு கிணறுகளையும் அளந்தேன். அசையாத தண்ணீர். முப்பத்தைந்து அடி, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று. பிரெஞ்சுக்காரர்கள் எட்டு, ஒன்பது என்று எழுதிவைத்திருந்த கிணறுகள் இவை. மேடைகள் சொன்ன கணக்கும் இதுவும் சரியாகப் பொருந்தின. ஏரி நிரப்புகிறது என்ற பேராசிரியரின் கருத்துக்கு இதைவிடப் பெரிய எதிர்ச்சாட்சி இருக்க முடியாது.

நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் மாமா மெதுவாக ஆரம்பித்தார். "தாயி, கோவப்படாத. அந்த வெள்ளக்காரருக்கு மொதல்ல குடுத்த நம்பர்தான் புடிச்சிருக்கு. எடம் உனக்குத்தான்னு கையக் குலுக்கிச் சொல்லியாச்சு. இப்ப எதுக்கு இதக் கொண்டு காட்டணும்? அங்க போயி டாக்டரா ஆயிட்டு, பெறவு மெதுவாச் சொல்லிக்கிட்டா என்ன?"

அவரைத் திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. ஏனென்றால் அதே யோசனையை விடிந்ததிலிருந்து நானும்தான் செய்துகொண்டிருந்தேன். பழைய தாள் ஒரு பையில், புதிய தாள் இன்னொரு பையில். பழையதோடு அதே மாதிரி இன்னும் பதினோரு எண்களை எழுதிக்கொடுத்தால் போதும். பாரிஸிலிருந்து யார் வந்து எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? தவளக்குப்பம் வரும்வரை அப்படித்தான் இருந்தேன். பிறகு அந்த மூன்றாவது கிணற்றுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றது ஞாபகத்துக்கு வந்தது. பையனுக்குப் பெண் கிடைக்க அவர்கள் கிணற்றை நிரப்பினார்கள். எனக்கு இடம் கிடைக்க நானும் அதையே செய்தால், இரண்டு நாளாக அவர்கள் மேல் பட்ட கோபத்துக்கெல்லாம் என்ன அர்த்தம்?

பேராசிரியரிடம் புதிய தாளைக் கொடுத்தேன். பழையது தவறு, காரணம் இது என்று விளக்கினேன். கல்யாணம், கிணறு, கடன், மேடை, ஆணி எல்லாவற்றையும் என் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முகம் இன்னும் சிவந்தது. பத்து வருடக் கருத்து கையிலேயே உடைந்தால் யார்தான் சிரிப்பார்கள்? மேடைகளின் பட்டியலை நிறைய நேரம் பார்த்தார். கடைசியில் எழுந்து நின்று, "நான் ஊருக்குப் போய்க் கடிதம் எழுதுகிறேன்" என்றார்.

வாசலில் காத்திருந்த மாமா, "என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறாராம்."

மூன்று தங்கைகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கரையேற்றியவர் மாமா. பஜ்ஜியும் சொஜ்ஜியும் தின்றுவிட்டு வாசற்படி இறங்கும்போது எத்தனை பேர் அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கேட்டிருப்பார்! அவர் முகம் விழுந்துவிட்டது. என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ் நிலையம்வரை யாரிடமும் எத்தனை பிள்ளைகள் என்று அவர் கேட்கவில்லை. சரியானதைச் செய்த நிம்மதி கொஞ்சமும் இல்லை. ஆரோக்கியராஜின் மேலும், பேராசிரியரின் மேலும், என் மேலும் எரிச்சல்தான் இருந்தது.

வைகாசியில் அம்மா சொன்னபடி செய்தாள். ஒரு வங்கிக் குமாஸ்தா, அவருடைய அம்மா, அக்கா, அத்தை என்று ஏழு பேர் வந்தார்கள். காபி கொடுத்தேன். அத்தைக்காரி என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன். பெண்பிள்ளை கிணற்றில் இறங்கினாளாமே, உண்மையா என்று கேட்டாள். ஆமாம், பதினாறு கிணறு என்றேன். ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனி முடிந்தும் கடிதம் வரவில்லை. அம்மாவும் எதிர்பார்க்கவில்லை.

ஆடியில் ஒரு நாள் வெளிநாட்டு உறை ஒன்று வந்தது. பிரித்தேன். மேடைகளின் பட்டியலைத் தன் சக ஆய்வாளர்களிடம் காட்டியதாகவும், தன் கருத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருப்பதாகவும், அதை என்னோடு சேர்ந்து செய்ய விரும்புவதாகவும், அக்டோபர் முதல் வாரத்தில் நான் வந்து சேர வேண்டும் என்றும் பேராசிரியர் எழுதியிருந்தார். இரண்டு முழு மாதம் நானும் அம்மாவும் மாமாவும் மாற்றி மாற்றி அழுதிருக்கிறோம். என்ன மனிதர் இவர்! ஊருக்குப் போய்க் கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் எழுதியிருந்தார்.